மேலூர் முதல் போடிமெட்டு வரை: தினசரி ஓட்டத்தில் ஒரு ஸ்போர்ட் டூரிங் பைக்

பந்தய பைக்கின் எஞ்சினையும் சட்டகத்தையும் நெடும்பயணத்துக்குத் தக்கபடி கொஞ்சம் தளர்த்திச் செய்த வண்டிதான் ஸ்போர்ட் டூரிங். முன்னால் காற்றைத் தடுக்கும் ஃபேரிங், லேசாக முன்சாய்ந்து உட்காரும் நிலை, பின்னால் ஒருவர் மணிக்கணக்கில் அமர்ந்து வரக்கூடிய சீட், பை கட்ட இடம் ஆகிய எல்லாம் ஒரே வண்டியில் இருக்க வேண்டும். 1976-இல் பிஎம்டபிள்யூ வெளியிட்ட ஆர் 100 ஆர்எஸ், காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த முழு ஃபேரிங்குடன் வந்து இந்த வகைக்கு வழி திறந்தது. ஐரோப்பாவில் 1000 சிசி வண்டிகள் செய்யும் வேலையை இந்தியாவில் 220 முதல் 400 சிசி வண்டிகள் செய்கின்றன. 2003-இல் வந்த 223 சிசி ஹீரோ ஹோண்டா கரிஸ்மா இதில் மூத்தது. பிறகு பஜாஜ் பல்சர் 220, 2016 டிசம்பரில் டோமினார் 400, 2017 டிசம்பரில் ஓசூரிலிருந்து டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. கடைசியாகச் சொன்னதைக் கம்பெனி பந்தய வண்டி என்றே விற்கிறது. வாங்கியவர்களில் பலர் அதில் டிபன் பாக்ஸை மாட்டி ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வண்டியைத் தினமும் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று பார்க்க மதுரைச் சமவெளியில் தோதான ஒரு வழித்தடம் இருக்கிறது. வடகிழக்கே மேலூரில் தொடங்கி, நகரத்தைக் குறுக்கே வெட்டி, மேற்கே வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்கா வரை வேலைநாள் ஓட்டம். அதே சாலையை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டு போனால் உசிலம்பட்டி, தேனி, போடி வழியாகப் போடிமெட்டு. மொத்தம் 150 கி.மீ. அளவு. நான்குவழிச் சாலை, கோயில் நகரத்து நெரிசல், காற்றடிக்கும் கணவாய், கொண்டை ஊசி வளைவு எல்லாம் இந்த ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன.

மதுரைக்கு மோட்டார் வண்டி புதிதல்ல. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் மதுரையை மையமாக வைத்துத் தொடங்கிய தொழில்தான் பின்னாளில் டிவிஎஸ் குழுமமாகக் கிளைவிட்டது. அதன் ஒரு கிளை 1980-இல் ஓசூரிலிருந்து மொபெட்டை வெளியே விட்டது. 2013-இல் பிஎம்டபிள்யூவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 312 சிசி எஞ்சினை இரு நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ள வழி செய்ததும் அதே கிளைதான். மேலூர்ச் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிவரும் டிவிஎஸ் எக்ஸ்எல்லும் அதை முந்திப்போகும் ஆர்ஆர் 310-உம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மேலூரிலிருந்து மதுரைக்கு வரும் திருச்சி நான்குவழிச் சாலையில், வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. 1982-இல் தொடங்கிய நிறுவனம் இது. 2019 முதல் யூரோகிரிப் என்ற பெயரிலும் டயர் விற்கிறது. ஸ்போர்ட் டூரிங் வண்டிகளுக்கென்றே ரோட்ஹவுண்ட் என்ற ரேடியல் டயரையும் செய்கிறது. இந்த வகை டயரில் நடுப்பகுதி ரப்பர் கெட்டி, இரு ஓரங்களும் மென்மை. நேர்ச்சாலையில் நடுப்பகுதி தேயாமல் உழைக்க வேண்டும், வளைவில் சாயும்போது ஓரம் சாலையைப் பற்ற வேண்டும் என்பது கணக்கு. மதுரைக்காரரின் டயரில் நடுப்பகுதிக்குத்தான் ஓயாத வேலை. மேலூர் சாலையில் வளைவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சிட்டம்பட்டி சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணமும் இல்லை, ஓரமாக நழுவிவிடலாம். கவனம் தேவைப்படுவது வேறு இடத்தில். கிரானைட் லாரிகள் சிந்திப்போகும் சில்லுகள் ஒரு தொல்லை. அறுவடைக் காலத்தில் சர்வீஸ் ரோட்டில் கொள்ளும் உளுந்தும் செடியோடு பரப்பிக் காயும், வண்டிகள் ஏறித்தான் அது உதிரும். கார் ஏறலாம், பஸ் ஏறலாம். சூடான எக்ஸாஸ்ட் தாழ்வாகத் தொங்கும் பைக் ஏறினால் சக்கரம் வழுக்கும், அடியில் சிக்கிய சருகு புகையவும் செய்யும்.

ஒத்தக்கடையில் யானைமலையைத் தாண்டி, உயர் நீதிமன்றக் கிளையையும் கடந்து உத்தங்குடி வந்ததும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் ரிங் ரோடு. விரகனூர் வழியாகக் கப்பலூர் வரை சுமார் 27 கி.மீ. சுற்றி, அங்கிருந்து மேற்குப் புறவழிச்சாலையில் ஏறி நாகமலை புதுக்கோட்டையை அடையலாம். நேரே போனால் மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம், வைகை, சிம்மக்கல், அரசரடி, காளவாசல். தூரம் ரிங் ரோட்டில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். 110 சிசி வண்டிக்காரர் யோசிக்காமல் நகருக்குள் போய்விடுவார். ஸ்போர்ட் டூரிங் வைத்திருப்பவர் சுற்றிப் போனால் ஆறாவது கியரில் கிளட்சைத் தொடாமல் போகலாம், பெட்ரோல் மட்டும் கூட ஆகும். காலை ஒன்பது மணிக்குக் கோரிப்பாளையத்தில் சிக்குவதை நினைத்தால், அந்தப் பெட்ரோல் காசு வீண் செலவு என்று சொல்ல முடியாது.

நகருக்குள் போகிறவருக்கு முதல் சோதனை வைகைக் கரையில். 1889-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம்தான், ஊர் வாயில் ஏவி பாலம், கோரிப்பாளையத்தையும் சிம்மக்கல்லையும் இன்னும் இணைத்துக்கொண்டிருக்கிறது. குதிரை வண்டிக்காகக் கட்டிய அகலத்தில் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் ஊர்கின்றன. அப்பால் வெளி வீதிகள். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் போட்ட வீதிகள் இவை. அவற்றுக்குள்ளே மாசி, ஆவணி மூல, சித்திரை வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாகச் சுருங்கிக்கொண்டே போகும். தேர் திரும்ப இடம் விட்ட நகரம், இன்று பைக் திரும்ப யோசிக்க வைக்கிறது. ஸ்போர்ட் டூரிங் வண்டியின் ஹேண்டில்பார் இரு பக்கமும் கொஞ்சம்தான் ஒடியும். ஸ்ப்ளெண்டர் ஒரே வெட்டில் திரும்பும் சந்தில் இது முன்னும் பின்னுமாக இரண்டு முறை தள்ளித் திரும்பும். ஆர்ஆர் 310-இன் 174 கிலோவும் டோமினாரின் 180 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் ஓடும்போது தெரிவதில்லை. காலால் தள்ளும்போது தெரியும். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் ஓடும் நாளிலும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் இந்தக் கவலையே இல்லை, எந்த வண்டியும் உள்ளே போக முடியாது.

அடுத்தது சூடு. ஏப்ரல், மே மாதங்களில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். லிக்விட் கூல்டு எஞ்சினுக்கு நெரிசல் ஆபத்தில்லை. கூலண்ட் சூடேறினால் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும். ஃபேன் தள்ளும் அனல் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஃபேரிங் அதைப் பக்கவாட்டில் திருப்பி ஓட்டுகிறவரின் முழங்காலுக்குக் கீழே விடும். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் ஜீன்ஸ் துணி காயும் வாசனை வருகிறது என்பார்கள், சற்று மிகைதான். 2020-இல் வந்த ஆர்ஆர் 310-இல் அர்பன் மோடு இருந்தது. அதைப் போட்டால் 34 பிஎஸ் திறன் 25.8 பிஎஸ் ஆகக் குறையும், த்ராட்டில் நிதானமாகும். விலை உயர்ந்த குதிரைத்திறனில் நான்கில் ஒரு பங்கைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் சிம்மக்கல்லைக் கடக்க முடிகிறது என்பது இந்த வண்டியின் மதுரை வாழ்க்கையை நன்றாகவே சொல்கிறது.

பின்னால் உட்காருகிறவர் நிலை தனிக் கதை. மத்திய மோட்டார் வாகன விதி 123, பைக்கில் பின்சீட்டுக்காரருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் பின்சக்கரத்தைப் பாதியாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தடுப்புக்குத்தான் இங்கே சேலை கார்டு என்று பெயர். ஸ்போர்ட் வகை வண்டி வாங்கும் இளைஞர்கள் முதல் வாரத்திலேயே அதைக் கழற்றிப் பரணில் போடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பரணில் தேடுவார்கள். உயர்ந்து நிற்கும் பின்சீட்டில் சேலையோடு ஒருக்களித்து உட்கார்ந்து கீழவாசல் வரை போய்வருவது சர்க்கஸ்தான். இந்த வண்டிகள் பல கைமாறுவதற்கு எஞ்சினைவிடப் பின்சீட்டே பெரிய காரணம்.

காளவாசலைத் தாண்டினால் தேனி சாலை. விராட்டிபத்து, அச்சம்பத்து என்று வீடுகள் குறைந்து, நாகமலை வலப்பக்கம் நீளமாகப் படுத்திருப்பது தெரியத் தொடங்கும். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் கன்னியாகுமரி நோக்கிப் போகும் நான்குவழிச் சாலை குறுக்கிடுகிறது. அதன் பிறகு காமராசர் பல்கலைக்கழகம், அதையடுத்து வடபழஞ்சி. மேலூரிலிருந்து மேற்கே வேலைக்கு வருகிறவருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. காலையில் சூரியன் முதுகில், மாலையில் திரும்பும்போதும் முதுகில். மேற்கே குடியிருந்து கிழக்கே வேலைக்குப் போகிறவர் இரு வேளையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஓட்ட வேண்டும், ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் இருந்தால் அவர் பாடு திண்டாட்டம். பல்கலைக்கழகப் பக்கம் மயில்கள் சாலையைக் கடக்கும். நாய் குறுக்கே வந்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று ஓரளவு ஊகிக்கலாம். மயில் ஓடுமா பறக்குமா என்பது கடைசி நொடி வரை மயிலுக்கே தெரியாது.

ஃபேரிங் தன் கூலியைச் சம்பாதிப்பது இந்த மாதிரித் திறந்த சாலைகளில்தான். காற்றுத் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். 40 கி.மீ. வேகத்தில் மார்பில் படும் காற்று 80-இல் நான்கு மடங்காகும். ஒன்றிய அரசின் 2018 அறிவிப்பு நான்குவழிச் சாலையில் பைக்குக்கு விதித்த உச்ச வேகம் 80 கி.மீ. அந்த வேகத்தில் 110 சிசி எஞ்சின் தன் எல்லைக்கு அருகில் நடுங்கும். 300 சிசி எஞ்சின் பாதிச் சுற்றில் அமைதியாக ஓடும், லாரியை முந்த வேண்டுமானால் கையில் மீதி இருக்கும். சட்டத்துக்குள் ஓட்டுகிறவருக்கு இந்த வண்டி தருவது வேகம் இல்லை, மீதிதான். ஏபிஎஸ்ஸையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். மழைக்காலத்து மாலையில் வைக்கோல் சிந்திய சாலையில் அதன் அருமை தெரியும்.

மேலூர் – வடபழஞ்சி போய்வர 90 கி.மீ. ஆகிறது என்று வைத்தால், மாதம் 25 வேலைநாளுக்கு 2,250 கி.மீ., ஆண்டுக்கு 27,000. பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவரின் நான்கைந்து ஆண்டு ஓட்டம் இது. பராமரிப்பை இந்தக் கணக்கில் பார்க்க வேண்டும். 11 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 கி.மீ. என்றால், மூன்று நாளைக்கு ஒருமுறை பங்க். 500 கி.மீ.க்கு ஒருமுறை செயினைத் துடைத்து லூப் அடிக்க வேண்டும், அதாவது வாரம் ஒருமுறை. இதைச் சோம்பினால் செயின் ஸ்ப்ராக்கெட் செட் சீக்கிரமே பல் தேய்ந்து நிற்கும். பின்டயர் பத்து, பன்னிரண்டாயிரம் கி.மீ. வந்தால் நல்லது, ஆண்டுக்கு இரண்டு, மூன்று என்று எடுத்து வைப்பதே விவேகம். இவற்றுக்கு மேல் பெட்ரோல். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு என்பதால் கலவையில் ஆறேழு விழுக்காடு ஆற்றல் குறைகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இந்தக் கலவையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. கார்புரேட்டர் காலத்துக் கரிஸ்மாவையும் பல்சர் 220-ஐயும் இன்னும் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் குழாய்களை அவ்வப்போது விரலால் அமுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வடபழஞ்சியில் நிற்க வேண்டியதில்லை. செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் சாலை முதல்முறையாக வளைகிறது. கணவாயைத் தாண்டியதும் காற்று மாறும். ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் மேல்காற்று ஆண்டிபட்டிச் சமவெளியில் வீசியடிக்கும். வழியில் நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. பக்கக் காற்றுக்கு அகன்ற ஃபேரிங் பாய்மரம் மாதிரி. நேரே போகும் வண்டி ஒரு முழம் தள்ளிப்போகும். முட்டியால் டேங்கைப் பிடித்துக்கொண்டு கையைத் தளர்த்தி விட்டால் வண்டி தானே நேராகும், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கிறவர்தான் தடுமாறுவார்.

தேனி, போடி, பிறகு முந்தல். அங்கிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். வாரம் முழுவதும் நேர்ச்சாலையில் தேய்ந்த டயர் தன் குறையை இங்கேதான் காட்டும். நடுப்பகுதி தட்டையாகி, ஓரம் புதிதாகவே இருக்கும் டயரில் வண்டியைச் சாய்க்கும்போது ஒரு விளிம்பு தட்டும். முதலில் சாய மறுக்கும், பிறகு தொப்பென்று விழுவதுபோல் சாயும். தாராளமாகப் பட்டன் மிச்சமிருக்கும் டயரையும் இதற்காகவே மாற்றுகிறவர்கள் உண்டு, அது ஊதாரித்தனம் ஆகாது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் எஞ்சினையே பிரேக்காக விட்டு இறங்க வேண்டும். ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டியில் கியரைச் சட்டென்று குறைத்தாலும் பின்சக்கரம் துள்ளாது. கேரள பஸ் வளைவுக்குள் அகலமாக வரும்போது அந்தச் சின்ன வசதி பெரிதாகத் தெரியும். வண்டி வாங்கும்போது பார்த்த விளம்பரத்தில் இருந்த சாலை இதுதான். மதுரைக்காரருக்கு அது மாதத்தில் ஒருநாள் வாய்த்தால் அதிகம்.

மாற்றும் நேரம் எப்போது வரும்? இந்த ஓட்டத்தில் நான்காவது ஆண்டில் மீட்டர் லட்சத்தை நெருங்கும். முறையாக ஆயிலும் கூலண்டும் மாற்றியிருந்தால் எஞ்சின் அதற்கு மேலும் ஓடும். முதலில் களைப்பது மணிக்கட்டும் இடுப்பும்தான். அதனால் இரண்டாவது வண்டியாகப் பலர் நிமிர்ந்து உட்காரும் வகைக்குப் போகிறார்கள். 2021 அக்டோபரில் உயர்ந்த கண்ணாடி, கைக்காப்பு, லக்கேஜ் கேரியர் எல்லாம் சேர்த்து வந்த டோமினார் அந்தத் தேவையை அறிந்து செய்தது. ஃபேரிங்கே வேண்டாம் என்று அட்வெஞ்சர் வகைக்கு மாறுகிறவர்களும் உண்டு. அந்த வகையின் உயர்ந்த சீட், ஐந்தரை அடிக்காரரை ஏவி பாலத்து நெரிசலில் பாதவிரலில் நிற்க வைக்கும்.

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இந்த முடிவில் வரியும் புகுந்துகொண்டது. 350 சிசி வரையுள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆக இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்குச் செஸ் உட்பட 31 ஆக இருந்தது 40 ஆக ஏறியது. 312 சிசி ஆர்ஆர் 310 கோட்டுக்கு இந்தப் பக்கம், 373 சிசி டோமினார் 400 அந்தப் பக்கம். இன்சூரன்ஸிலும் அதே 350-தான் கோடு. மூன்றாம் நபர் பிரீமியம் 2022-இல் நிர்ணயித்தபடி 150 முதல் 350 சிசி வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804 ரூபாய். மேலூர் – வடபழஞ்சி ஓட்டத்துக்கு 350 சிசிக்கு மேல் எதற்கும் தேவையில்லை என்பதால், அரசு போட்ட கோடு இங்கே தற்செயலாகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

பழைய வண்டியை விற்கும்போதும் பழையதை வாங்கும்போதும் பார்க்க வேண்டியது பெயிண்ட் பளபளப்பை விட டயர்தான். நடு தட்டையாகவும் ஓரத்து ரப்பர் முடிகள் உதிராமலும் இருந்தால் அது நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடிய வண்டி. ஃபேரிங்குக்குள் ஒளிந்திருக்கும் ரேடியேட்டர் சிறகுகள் நசுங்கியிருந்தால் முன்பக்கம் எங்கோ இடித்திருக்கிறது. டயர் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம், தயாரித்த வாரமும் ஆண்டும். 2221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். மீட்டர் மிகக் குறைவாகக் காட்டும் வண்டியில், வண்டியை விட இரண்டு ஆண்டு இளைய டயர் இருந்தால் மீட்டரைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். டிஎன் 58, 59, 64 என்பவை மதுரைப் பதிவெண்கள். தேனியின் 60, சிவகங்கையின் 63, விருதுநகரின் 67 ஆகியவையும் மதுரைக் கடைகளில் சகஜம். மலையடிவார ஊர் வண்டியில் கிளட்ச் பிளேட்டையும் பிரேக் டிஸ்க்கையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

விற்கிறவர் மறக்கும் சொத்து ஒன்று உண்டு. கிளெய்ம் எடுக்காத ஆண்டுகளுக்குச் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் 50 விழுக்காடு வரை ஏறும், அது உரிமையாளரைச் சேர்ந்தது. விற்கும்போது இன்சூரன்ஸ் நிறுவனத்தில் அதற்குச் சான்று வாங்கிக்கொண்டால் புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். கடன் இருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்சியிலிருந்து வங்கிப் பெயரை நீக்க வேண்டும். பிறகு பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29-உம் 30-உம். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டுச் சாவியைத் தூக்கிப் போடுவது மதுரையில் மட்டுமல்ல, எங்கும் வழக்கம். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. புது ஆர்சியின் நகல் கைக்கு வந்த பிறகுதான் பழைய வண்டி உண்மையில் விற்றதாகும்.